ஒடசல் வீட்டில் கை நனைத்தவர்கள்

பாக்கியத்துக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் மாசி மாதம் முழுக்க அந்த மூக்கு சிவந்தபடியே இருந்தது. செஞ்சியில் அவளுக்கு எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கித்தான் போனார்கள். சும்மா சொல்லக்கூடாது, கோபத்துக்குக் காரணமும் இருந்தது. தன் கையால் கட்டிய வீட்டை விற்க முடியாமல் நின்றால் யாருக்குத்தான் சிவக்காது?

அந்த வீட்டை அவள் கட்டிய கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். புருஷன் காஸ்பர் வாந்திபேதியில் போனபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பிள்ளை குட்டி இல்லை. கடைத்தெருவுக்குப் பின்தெருவில் ஒரு வெறும் மனையை மட்டும் அவள் பேரில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பாக்கியம் செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தாள். கூலியில் பாதியைக் காசாகக் கொடுங்கள், மீதிக்குக் கல்லாகக் கொடுங்கள் என்று சூளைக்காரரிடம் கேட்டாள். எந்தக் கல் தெரியுமா? சூளை பிரிக்கும்போது உடைந்தும் வளைந்தும் போய், வாங்க ஆளில்லாமல் மூலையில் குவிந்து கிடக்குமே, அந்தக் கல். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். தினமும் சாயங்காலம் தலையில் பத்துக் கல். இப்படி நான்கு வருஷம் சுமந்தாள்.

"இந்த ஒடசலை வெச்சுச் செவுரு எழுப்பினா எம் பேருதான் கெடும்" என்று இரண்டு கொத்தனார்கள் கையை விரித்தார்கள். மூன்றாவது ஆளை அவள் சண்டை போட்டே வேலைக்கு இழுத்து வந்தாள். மண்ணைத் தானே மிதித்துக் குழைத்தாள். இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, மேலே நாட்டு ஓடு. ஊர் அதற்கு 'ஒடசல் வீடு' என்று பேர் வைத்துச் சிரித்தது. அடுத்த ஐப்பசி மழையில் அதே தெருவில் மூன்று நல்ல வீடுகளின் சுவர் ஊறி விழுந்தது. ஒடசல் வீடு அசையவில்லை. அதற்குப் பிறகு ஊர் சிரிப்பதை நிறுத்தியது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கி அதில் இருந்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் தாலி இழந்தவள் கட்டிய வீடு, அதிலும் உடைந்த கல் என்று யாரும் குடி வரவில்லை. ஒரே ஒரு குடும்பம்தான் வந்தது. மல்லாட்டை மண்டியில் எடை போடுகிற பச்சைமுத்து, அவர் பெண்டாட்டி மீனம்பாள், எட்டு வயதில் ஒரே மகள் வள்ளி. நிலக்கடலையைத்தான் அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். "செவுரு நேரா இருக்குது, கூரை ஒழுகல. எங்களுக்கு வேற இன்னா வேணும்?" என்று மீனம்பாள் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே பாக்கியம் அவளைத் தங்கை போல வைத்துக்கொண்டாள். பத்து வருஷம் ஓடிப்போயிற்று. வள்ளிக்குப் பதினெட்டு ஆயிற்று.

இப்போது ஏன் விற்கவேண்டும்? தளவானூரில் முக்கால் காணிப் புன்செய்க் கொல்லை ஒன்று விலைக்கு வந்தது. கல் கட்டாத கிணறு ஒன்றும் அதில் இருந்தது. அந்தக் கொல்லையில் பாக்கியம் சின்ன வயதிலிருந்து கூலிக்குப் போயிருக்கிறாள். மண் எந்த இடத்தில் செம்மண், எந்த இடத்தில் சுக்கான் கல் என்று அவள் காலுக்குத் தெரியும். நிலத்துக்காரர் வயதானவர், மகனோடு பட்டணம் போகிறவர். "ஆயிரத்து நூறு ரூபா. பங்குனி முடியறதுக்குள்ள கொண்டா. இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார். அன்று இரவு பாக்கியத்துக்குத் தூக்கமே வரவில்லை. சாவதற்குள் சொந்த மண்ணில் ஒரு தடவையாவது விதைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது.

வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு தாராளமாகப் போகும். வாங்கவும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் தெருமுனையிலேயே நின்று ஒரே பாட்டைப் பாடினார்கள்: "ஆளைக் காலி பண்ணிக் குடும்மா, நாளைக்கே வாங்கிக்கிறேன்." பட்டணத்தில் வாடகைச் சட்டம் வந்துவிட்டதாம், குடியிருக்கிறவனைக் கிளப்பவே முடியாதாம், நாளைக்கு அது செஞ்சிக்கும் வந்துவிடுமாம் என்று ஒருவர் பயமுறுத்திவிட்டுப் போனார்.

காஸ்பரின் தம்பி அருள்சாமிக்கு இதெல்லாம் காதில் தேன். "குடி இருக்கிற வீட்டை எவன் வாங்குவான் அண்ணி? அறுநூறு ரூபாக்கு எனக்குக் குடுத்துடு. அவங்களக் கெளப்புறது எம் பாடு" என்றான். எப்படிக் கிளப்புவான் என்பதை மறுநாளே காட்டினான். பாக்கியம் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறாள், இவன் ஏணி போட்டுக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு ஓட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். கீழே மீனம்பாள் ஒன்றும் புரியாமல், "ஓடு மாத்துறீங்களா தம்பி? மோர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

பாக்கியத்தின் மூக்கு கோவைப்பழமாயிற்று. குடத்தை இறக்கினாள், ஏணியை எடுத்துத் தள்ளிப் போட்டாள்.

"இப்ப எறங்குடா பாக்கலாம். எறங்கினா காலு ஒடையும், எறங்கலன்னா வெயில்ல வேவு. எது வேணும்?"

"அண்ணி, ஒன் நல்லதுக்குத்தான்..."

"எந் நல்லத நான் பாத்துக்கிறேன். பிரிச்ச ஓட்டை ஒண்ணு விடாம மாட்டு. மாட்டினா ஏணி வரும்."

ஓட்டை மாட்டி முடிக்க அவனுக்கு மத்தியானம் ஆயிற்று. பாக்கியம் ஏணியைப் போட்டாள். மீனம்பாள் பாவம், மோரும் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் தொண்டூர் பொன்னுசாமி கிடைத்தார். நல்ல விவசாயி, கையில் நாலு காசு உண்டு. மகன் சுந்தரமூர்த்திக்குச் செஞ்சியில் மளிகைக் கடை வைத்துக் கொடுக்க நினைத்திருந்தார். கடைத்தெருவுக்குப் பின்னாலேயே ஒரு வீடு வேண்டும். பாக்கியம் அவரிடம் ஒளிக்கவில்லை. "ஒரு குடும்பம் இருக்குது. தங்கமான ஜனங்க. ஒங்க ஜனந்தான்" என்றாள். "மொதல்ல வந்து பாக்கிறோம், அப்புறம் பேசிக்கலாம்" என்று அவர் அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

எல்லாம் சரி. ஆனால் குடியிருக்கிறவர்களிடம் யார் சொல்வது? அருள்சாமியை வெயிலில் வேகவிட்ட அந்த வாய்க்கு மீனம்பாளிடம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தள்ளிப் போட்டாள். கடைசியில் வாசலில் நின்று, "மீனம்பா, நாளைக்குக் காலையில தொண்டூர்லேருந்து மூணு பேரு வராங்க. நல்ல எடத்து மனுசங்க. வீட்டைக் கொஞ்சம் கூட்டிச் சுத்தமா வெய்யி" என்று மட்டும் சொன்னாள்.

மீனம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்காவத்தான்க்கா காத்துகிட்டு இருந்தேன். ஒங்க வாய்க்குச் சக்கரை போடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். வீட்டைக் கூட்டச் சொன்னதற்கு எவளாவது அழுவாளா என்று பாக்கியம் குழம்பிப்போனாள்.

விஷயம் இதுதான். "எங்க சனத்துல வள்ளிக்கு ஒரு பையன் இருந்தா சொல்லுங்கக்கா" என்று மீனம்பாள் ஒரு வருஷமாகப் பாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை காலை, வெளியூரிலிருந்து மூன்று பேர், நல்ல இடம், வீட்டைச் சுத்தமாக வை. இதைக் கேட்டு வயசுப் பெண்ணைப் பெற்றவள் வேறு என்னதான் நினைப்பாள்? பெண் பார்க்க வருகிறார்கள் என்றே நினைத்தாள். அந்த மாதம் ரேஷன் கார்டுக்குக் கிடைத்த சர்க்கரை மொத்தத்தையும் கொட்டிச் சொஜ்ஜி கிண்டினாள். வாழைக்காய் வாங்கிவரப் பச்சைமுத்து ஓடினார்.

மறுநாள் தபசுகால வெள்ளிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில் ஒன்று. பூசை முடிந்து வந்தாலும் நேரம் இருக்கும் என்று பாக்கியம் கோவிலுக்குப் போய்விட்டாள். ஆனால் பொன்னுசாமியின் பெண்டாட்டி பவுனம்மாள் ராகுகாலத்துக்குப் பயந்தவள். பத்தரைக்குள் வீட்டைப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று எட்டு மணிக்கே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகலாமா என்று தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம் வேறு. அந்தத் தட்டைப் பார்த்ததும் மீனம்பாளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

பாய் விரித்து உட்கார வைத்தார்கள். பொன்னுசாமி மேலே பார்த்து, "உத்தரம் இன்னா மரம்?" என்றார். பெண் பார்க்க வந்தவர் உத்தரத்தைக் கேட்கிறாரே, பெரிய மனுசர் போலிருக்கிறது என்று பச்சைமுத்து நினைத்துக்கொண்டு, "வேம்புங்க" என்றார். "தெருக் கெணத்துத் தண்ணி கோடையில நிக்குமா?" என்று பொன்னுசாமி அடுத்துக் கேட்டார். "எத்தன கொடம் வேணுன்னாலும் எங்க பொண்ணு அலுக்காம எறைக்குங்க" என்று மீனம்பாள் சொன்னாள். அதற்குள் வள்ளி தலை நிறையப் பூவோடு பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டாள். சுந்தரமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். அதற்கப்புறம் அவன் குனியவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் பிடித்திருந்தால்தான் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல், "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். தட்டில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதைத் தின்றுவிட்டு மாட்டேன் என்றால் அந்தப் பெண்ணிடம் ஏதோ குறை என்று ஊர் பேசும். அதற்கப்புறம் அவளைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

பொன்னுசாமி வீடு பார்க்க வந்தவர், அவருக்கு என்ன தயக்கம்? தொண்டூரிலிருந்து வண்டியில் குலுங்கி வந்த பசி வேறு. சொஜ்ஜியை வழித்து வாயில் போட்டார். "பலே! இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். பஜ்ஜியைக் கணக்கு வைக்காமல் தின்றார். மீனம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள்.

பாக்கியம் கோவிலிலிருந்து வந்து வாசலில் கால் வைத்தாள். மீனம்பாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கை நனைச்சிட்டாங்கக்கா! ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்ட்டாரு சம்பந்தி!"

பாயில் மூன்று பேர், தட்டு காலி, வள்ளியின் தலையில் பூ. பாக்கியத்துக்கு ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. "சேசுவே, மாதாவே" என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

'சம்பந்தி' என்ற சொல் பொன்னுசாமியின் காதிலும் விழுந்தது. கடைசிப் பஜ்ஜி கையிலேயே நின்றது. "யாரு சம்பந்தி? நாங்க வீடு பாக்க வந்தோம். இந்தம்மா வீட்டை விக்கிறாங்கன்னு விலை பேச வந்தோம்."

பச்சைமுத்து பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தார். "வீட்டை விக்கிறீங்களாக்கா?" என்று கேட்டார். அதில் கோபமே இல்லை. அதுதான் பாக்கியத்துக்குத் தாங்கவில்லை. மீனம்பாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வீடும் போயிற்று, பெண்ணும் பேச்சுக்கு ஆளானாள். அக்கம்பக்கத்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள், அவர்களுக்கு நடுவில் அருள்சாமியின் தலையும் தெரிந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று அவன் ஆரம்பித்தான்.

"வண்டியக் கட்டுடா" என்று மகனிடம் சொல்லிக்கொண்டே பொன்னுசாமி எழுந்தார்.

பாக்கியம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிசம் ஒக்காருங்க. தப்பு மொத்தமும் என்னுது. பத்து வருசமா எங் கூரைக்கு அடியில இருந்தவங்ககிட்ட விக்கப்போறேன்னு சொல்ல எனக்குத் துப்பில்லாம போச்சு. நான் வாயத் தொறந்திருந்தா இந்தக் கூத்தே இல்ல." பச்சைமுத்துவின் பக்கம் திரும்பினாள். "பச்சமுத்து, என்ன மன்னிச்சிடு. வீடு விக்காட்டி போவுது. கொல்லை போனா போவுது. ஆனா எம் புத்தி கெட்டதுக்கு இந்தப் பொண்ணு தலை குனியக் கூடாது."

கொல்லை போனால் போகிறது என்று சொன்னாளே, அது சும்மா வாய் வார்த்தை இல்லை. அடுத்து நேராகச் சுந்தரமூர்த்தியின் எதிரே போய் நின்றாள்.

"தம்பி, நீ வீடு பாக்கத்தான வந்தே? இந்த வீட்டுக்கு எத்தன ஜன்னலு?"

அவன் விழித்தான். "தெரியலீங்க."

"சமையக்கட்டு எந்தப் பக்கம்?"

"அவங்க வந்தாங்களே, அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வாசலில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. பவுனம்மாளும் சிரித்துவிட்டாள். பொன்னுசாமி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "அதெப்படி, மொறைன்னு ஒண்ணு இருக்குது, சாதகம் இருக்குது..." என்று இழுத்தார்.

பவுனம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டாவது வாட்டி வாங்கித் தின்னியே, அப்ப எங்க போச்சு மொறை? பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்குது. வெளியில போயி, தின்னுட்டு வேணாம்னு வந்துட்டோம்னு சொல்லுவியா? பொண்ணப் பெத்தவங்க பாவம் சும்மா விடுமா?" பிறகு மீனம்பாளிடம் பூர்வீகம் எது என்று கேட்டாள். பனமலை என்றாள் மீனம்பாள். அங்கே யார் வீடு, எந்தப் பங்காளி என்று இரண்டு பேரும் தோண்டித் துருவினார்கள். சுற்றி வளைத்துப் பார்த்ததில் மாமன் முறையாக வந்தது. பிறகு என்ன?

"இருங்க. எல்லாரும் பேசிட்டீங்க. பொண்ணக் கேட்டீங்களா?" என்றாள் பாக்கியம். "வள்ளி, நீ சொல்லு. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு, நான் இருக்கேன்."

வள்ளி தலையைக் குனிந்தபடிதான் சொன்னாள், ஆனால் தெருவுக்கே கேட்டது. "பிடிச்சிருக்குது பெரிம்மா. ஆனா எங்க நைனாவையும் அம்மாவையும் இந்த வீட்டுலேருந்து போவச் சொல்றவங்க வீட்டுக்கு நான் வாழப் போவ மாட்டேன்."

"எவன் போவச் சொல்லப்போறான்?" என்றாள் பவுனம்மாள். பச்சைமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. "மவ வீட்டுல ஓசியில ஒக்கார மாட்டேன். அக்காவுக்குக் குடுத்த அதே வாடகைய ஒண்ணாந்தேதி தவறாம குடுப்பேன். ஒரு அறையப் புள்ளைங்களுக்கு விட்டுட்டு நாங்க மத்ததுல இருந்துக்கிறோம்" என்றார். பொன்னுசாமியின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வாடகையும் வருகிறது, மருமகளும் வருகிறாள். ஆனாலும் விவசாயி புத்தி விடுமா? பாக்கியத்தின் பக்கம் நகர்ந்தார்.

"வீட்டு விலையில ஒரு முன்னூறு கொறைச்சுக்கம்மா. ஆளு இருக்கிற வீடாச்சே."

"யாரு ஆளு?" என்று பாய்ந்தாள் பவுனம்மாள். "அவங்க சம்பந்தி. சம்பந்தி இருக்கிறதால வீட்டுக்கு விலை கொறைஞ்சுபோச்சுன்னு சொல்லிப்பாரு, ஊரே காறித் துப்பும்."

ஆயிரத்து இருநூறு, ஒரு பைசா குறையவில்லை. அருள்சாமியைத் திரும்பிப் பார்த்தால் ஆளையே காணோம்.

பங்குனி இருபதாம் தேதி ரிஜிஸ்டர் ஆபீசில் பத்திரம் எழுதுகிறவர், "குடியிருக்கிறவங்களைக் காலி பண்ணிக் குடுத்தாச்சுன்னு எழுதிடட்டுமா?" என்று கேட்டார். "ஐயையோ, வேணாம். அப்படியே இருக்காங்கன்னு எழுதுங்க" என்றார் பொன்னுசாமி. இப்படி ஒரு கிரயத்தைத் தான் எழுதினதே இல்லை என்று பத்திரக்காரர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டே சொன்னார். பங்குனி முடிய மூன்று நாள் இருக்கும்போது தளவானூர்க் கொல்லை பாக்கியத்தின் பேருக்கு மாறியது. கையெழுத்துப் போடத் தெரியாதவள், பெருவிரலை மையில் அழுத்தி வைத்தாள். வைத்தவள் வெளியே வந்து, ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்று, வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். அவ்வளவு பெரிய சிரிப்பை அவளிடம் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

வைகாசியில் வள்ளியின் கல்யாணம் நடந்தது. கிணற்றடியில் ஒரு குடிசை போட்டுக் குடிவந்துவிட்ட பாக்கியம், ஆடியில் தன் கொல்லையில் மல்லாட்டை விதைத்தாள். மழையும் ஏமாற்றவில்லை. ஐப்பசி பிறந்ததும் பிடுங்க ஆள் கூப்பிட்டாள். வந்தவர்கள் எல்லாரும் முன்பு அவளோடு அதே கொல்லையில் கூலிக்குக் குனிந்து நிமிர்ந்தவர்கள். முதல் செடியை அவளே பிடுங்கினாள். மண்ணை உதறினால் வேர் தெரியாமல் காய் தொங்கியது. ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள், பாலாய் இனித்தது. சுற்றி நின்றவர்கள் சட்டென்று வரப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கம் அப்படி. கூலிக்குப் பிடுங்குகிறவள் ஒரு கொட்டையை வாயில் போட்டால் மேஸ்திரி வந்து வாயைத் திறக்கச் சொல்வான், சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மடியை உதறிக் காட்டச் சொல்வான். முப்பது வருஷம் பாக்கியமும் அப்படி உதறிக் காட்டியவள்தான்.

அவள் அந்தச் செடியை அப்படியே அவர்கள் நடுவில் போட்டாள்.

"இன்னாடி பாக்கிறீங்க? தின்னுங்க. வயிறு முட்டத் தின்னுங்க. போவும்போது மடியிலயும் கட்டிக்கிட்டுப் போங்க. இங்க எவளும் மடிய ஒதற வேணாம்."